பெரியவள் கை, சின்னவள் தலை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு உன் சின்னவள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம். என் வீட்டுக்காரருக்குத் தும்மல், எனக்கு அவர். மற்றபடி நோய்நொடி இல்லை. உன் முழங்கால் வலி எப்படி? அத்தான் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டாரா, இல்லை இன்னும் ஜனங்களைப் பட்டினி போடுகிறாரா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கிழிசல் தைக்கிற வேலை. கதவைத் திறந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரே ஆவி, ஒரே வெள்ளை. அதற்குள் யாரோ சிரிப்பார்கள், யாரோ இருமுவார்கள், ஆள் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் நின்றால் ஒரு முழங்கை, ஒரு தலைத்துணி, ஒரு தள்ளுவண்டி என்று ஒவ்வொன்றாக உருவாகி வரும். ஆண்டவர் உலகத்தைப் படைத்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பக்கத்தில் விரிப்பு மடிப்பவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். என் பையில் இருந்த உன் கையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, கை ஜோசியமா?" என்றாள். அம்மா கதையைச் சொன்னேன். வேலைக்குக் கிளம்பும்முன் அம்மா காகிதத்தில் கையை விரித்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாளே, "ஜெபம் பண்ணும்போது தலையில வச்சுக்கங்க, என் கைதான்னு நினைச்சுக்கங்க" என்று. அம்மா போனபிறகு நீ கடிதத்தோடு உன் கையை வரைந்து அனுப்புவதையும் சொன்னேன். பெரியவள் கை, சின்னவள் தலை. மாற்றி வைக்கக் கூடாது என்ற சட்டத்தையும் சொன்னேன். வெல்லம் தின்ற கையை நான் உன் தலையில் வைத்து, நீ ஊரைக் கூட்டியதால் வந்த சட்டம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"பைத்தியக்காரக் குடும்பம்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில், "அதைக் கொஞ்சம் குடு" என்று வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டாளோ, நான் விசாரிக்கவில்லை.

அந்தக் கை மடிப்பில் கிழிந்துவிட்டது. புதியது அனுப்பு. உன் ஜெபக்குழுவில் அந்தத் தையல்காரப் பெண் எப்படி இருக்கிறாள்?

உன் சின்னவள்

•

பிப்ரவரி 20

அருமை வாலுக்கு அக்காவின் வாழ்த்துகள். என் முழங்கால் எனக்கு அடங்கிவிட்டது. அத்தானுடைய பிரசங்கம்தான் யாருக்கும் அடங்கவில்லை. உன் ஆவி நிறைந்த கூடத்தைப் பற்றி வாசித்தவர் அதை ஞாயிறு அன்று அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

தையல்காரப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவளுடைய இருதயம் பலவீனம் என்று உனக்குத் தெரியுமே. பிள்ளை பெறுவதே ஆபத்து என்று டாக்டர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். போன வாரம் கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு இரண்டாம் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்கும்மா" என்றாள். நான் அவள் தலைமேல் கையை வைத்து, "பயப்படாதே. இந்தப் பிள்ளைக்கு நடக்கக் கத்துக் குடுக்கப்போறதே நீதான்" என்றேன். அவளுடைய அம்மா, அதுதான் கடைத்தெருவில் பொத்தானும் நூலும் விற்பவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நிஜமாவாம்மா?" என்றார். "நிஜமாத்தான்" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு சங்கதி. அக்டோபரில் சுற்றுவட்டாரத்துச் சபைப் பெண்கள் எல்லோரும் எங்கள் கோவிலில் கூடுகிறார்கள். தலைப்பு, கர்த்தரை நம்பும் பெண். பேசப்போவது உன் அக்கா. மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்கிறார் அத்தான்.

இப்போது காலையில் கோவில் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் வந்து, ஒட்டியிருக்கும் நம் வீட்டு முன்னறைத் தரையில் நீலமும் சிவப்புமாக விழுகிறது. நீலத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு ஜெபிக்கிறேன். அது என் காலைவிட்டு நகர்ந்து நாற்காலிக்குப் போகும்வரை நேரம் போவதே தெரியவில்லை.

கை அனுப்பியிருக்கிறேன். அழுத்தி வரைந்திருக்கிறேன், சீக்கிரம் கிழிக்காதே.

அக்கா

•

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே தும்மல் அவரைவிட்டு என்னிடம் வந்துவிட்டது. கணவன் மனைவி என்றால் எல்லாவற்றிலும் பங்கு என்று அத்தான் கல்யாணத்தன்று சொன்னது பலித்துவிட்டது.

நான் செய்த வேலையைக் கேள். வார்டுகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுப்பதும் சில நாள் என் தலையில் விழும். அங்கே ஒரு பள்ளிக்கூட டீச்சர், மறுநாள் ஆபரேஷன், துணைக்கு ஆளே இல்லை. விரிப்பு மாற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் என் தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிறியாம்மா?" என்று கேட்டார். நின்றேன், ஜெபித்தேன். ஆனால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கீழே வண்டி காத்திருக்கிறது. ஓடிவந்து ஒரு விரிப்பின் தலைமாட்டுப் பக்கம் உன் கையை வைத்து, அதைச் சுற்றி வெள்ளை நூலால் தைத்துக்கொண்டுபோய் விரித்தேன். வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும். டீச்சர் தடவிப் பார்த்துவிட்டு அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

புத்திசாலித்தனம் அத்தோடு நின்றது. டீச்சர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார், விரிப்பு சலவைக்கு வந்தது, நான் பிரித்தெடுப்பதற்குள் மற்றவற்றோடு கலந்து போய்விட்டது. விரிப்புக்குப் பேரா ஊரா? இப்போது உன் கை இந்த மருத்துவமனையில் எங்கேயோ, யாருடைய தலைக்கடியிலோ இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

தையல்காரப் பெண்ணுக்கு நாள் நெருங்கியிருக்குமே? பிள்ளை பிறந்ததும் எழுது. ஒரு குட்டிச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன்.

சின்னவள்

•

ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். அத்தானும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கு எழுதவும்.

இங்கே விடாமல் மழை. ஆற்றிலிருந்து பனிப்புகை எழுந்து காலையில் எதிர்வீடுகூடத் தெரிவதில்லை. கூரையில் ஒழுகுகிறது; ஆள் வரச் சொல்லியிருக்கிறோம். தொண்டை சரியில்லாததால் ஜெபக்குழுவை இப்போது அத்தானே நடத்துகிறார்.

காகிதம் போதவில்லை. அதனால் கை வரையவில்லை.

அக்கா

•

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. காகிதம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது அக்கா.

உன் கையின் சமாச்சாரம் பெரிதாகிவிட்டது. ஒரு நர்ஸ் கீழே வந்து, "கை வச்ச விரிப்பு ஒண்ணு இருக்காமே, எங்க வார்டுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள். அடுத்த நாள் இன்னொருத்தி. சூப்பர்வைசர் அம்மா காதுக்குப் போய்விட்டது. "இது ஆஸ்பத்திரியா, எம்ப்ராய்டரி கடையா? அது திரும்பி வந்ததும் பிரிச்சு என் மேஜைல வைக்கணும்" என்று எல்லோர் முன்னும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நெட்டை மட்டும் ஆவிக்குள்ளிருந்து, "அது வந்தா எனக்குத்தான் முதல்ல" என்றாள். யார் சொன்னது என்று சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. ஆவியில் அது ஒரு வசதி.

நேற்று அம்மாவைக் கனவில் பார்த்தேன். எங்கள் கூடத்தில் அந்த வெள்ளைக்குள் நின்று பெரிய விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள், இன்னொரு முனையை உன்னிடம் நீட்டினாள். நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அம்மா கோபிக்கவில்லை. முனையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

சின்னவள்

•

ஜூலை 9

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, "அக்கா தூங்குறாம்மா" என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா நீ? சின்ன வயதில் நான் மதியம் கண் அயர்ந்தால் காதில் தண்ணீர் விட்டவள் நீ.

என்மேல் கோபம் என்றால் திட்டி எழுது. உடம்பு என்றால் சொல், கிளம்பி வருகிறேன். சுகம் என்று மட்டும் எழுதாதே.

குட்டிச் சட்டை அலமாரியிலேயே இருக்கிறது.

சின்னவள்

•

ஆகஸ்ட் 12

என் தங்கைக்கு,

சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவள் போய்விட்டாள். ஏப்ரலில், பிள்ளை பிறந்த அன்றே. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. பொத்தான் கடை அம்மாதான் வளர்க்கிறார். அப்பன்காரன் வேலை தேடி எங்கோ போனவன், அடக்கத்துக்கு வந்தான், மறுபடி போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மணி என்ன என்று விசாரிப்பதுபோல மெதுவாக, "நீங்க சொன்னீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் சொல்கிறது, உள்ளே, எடுத்ததும் சத்தமே இல்லாத போன் மாதிரி இருக்கிறது. காலையில் அந்த நீலம் என் பாதத்தில் விழுகிறது, நகர்கிறது, நாற்காலிக்குப் போகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எழுந்துபோய்ப் படுத்துக்கொள்கிறேன். பாஸ்டரம்மாவுக்கு ஜெபம் வரவில்லை என்று யாரிடம் சொல்வது? வைத்தியன் வீட்டிலேயே நோய் என்று ஊர் சிரிக்கும். அத்தானிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆண்டவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார். அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அக்டோபர் கூட்டத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லப்போகிறேன். அந்த விரிப்பு கிடைத்தால் பிரித்துவிடு. அந்தக் கையை இனி யாருடைய தலைக்கடியிலும் வைக்காதே. அதில் ஒன்றும் இல்லை.

அக்கா

•

ஆகஸ்ட் 25

என் அக்காவுக்கு,

கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். அழுதேன். உனக்காகவும், நான் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காகவும். குட்டிச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உனக்குப் பிரசங்கம் பண்ணமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

விரிப்பு இந்த வாரம் வந்தது. நீயும் பிரி என்கிறாய், சூப்பர்வைசரும் பிரி என்றார். சரி என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓரத்தைத் தடவித் தேடினேன். கை இருந்தது. ஆனால் அது நான் தைத்த கை இல்லை அக்கா. சலவையில் நூல் விட்டுப்போன இடங்களில் யார் யாரோ தைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் கருநீல நூல். நடுவிரல் சிவப்பு, தையலே தெரியாத யாரோ தத்தித் தத்திப் போட்டிருக்கிறார்கள். சுண்டுவிரலில் காயத்துக்குத் தையல் போடுகிற கறுப்பு நூல். அது எந்த நர்ஸோ. யாருடைய கை என்று அவர்களுக்குத் தெரியாது. விட்டுப்போகக் கூடாது என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள்.

இதில் எதைப் பிரிப்பது? என் வெள்ளை நூல் உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம்தான் பாக்கி. அப்படியே கொண்டுபோய்ச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். "புதுசா எதுவும் தைக்காதே. இருக்கிறதைப் பிரிக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதை அவரே தள்ளுவண்டியில் போட்டார்.

உன் கையில் ஒன்றும் இல்லை என்கிறாய். எப்போது இருந்தது? அம்மா கையில்தான் என்ன இருந்தது? சோப்பு வாசனை இருந்தது. அந்தப் பெண்ணிடம் நீ சொன்ன வார்த்தை தப்பாகப் போயிருக்கலாம். நீ வைத்த கை தப்பில்லை. அவள் அன்றைக்குப் பயத்தோடு தனியாக வீட்டுக்குப் போகவில்லை.

இதோடு என் கையை வரைந்து அனுப்பியிருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியும். அம்மாவிடம் நான் பிறகு பேசிக்கொள்கிறேன். ஆள்காட்டி விரலில் வளைந்திருப்பது ஊசி குத்தி வீங்கிய இடம். இதைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த நீலத்தில் உட்கார். நீ ஜெபிக்க வேண்டாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம். தினமும் காலையில், ஆவிக்குள் நுழைந்ததும், உனக்காக நான் ஜெபிக்கிறேன். உன் பங்கையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். நெட்டையும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு ஜெபிக்கத் தெரியாது. "அந்த அக்காவைப் பாத்துக்கோ" என்று மட்டும் கூரையைப் பார்த்துச் சொல்கிறாள்.

கை கழுவிவிட்டுத்தான் வரைந்தேன். வெல்லம் இல்லை.

சின்னவள்

•

செப்டம்பர் 14

வாலுக்கு,

வைத்துக்கொண்டேன். வேறொன்றும் நடக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

மறுநாளும் வைத்தேன்.

உன் கை இவ்வளவு பெரிதாக எப்போது வளர்ந்தது?

பேச வேறு ஆள் கிடைக்கவில்லையாம். அவர்கள் தேடவே இல்லை என்று நினைக்கிறேன்.

அக்கா

•

அக்டோபர் 21

அருமை வாலுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, முகம் பார்க்காத நெட்டைக்கு, அக்காவின் அன்பு. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். இதை நானே சொல்கிறேன், உன் பங்கில் இல்லை.

கூட்டம் முடிந்தது. பிரசங்கம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. உன் கையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மேடை ஏறினேன். காலையிலிருந்தே ஆற்றுப் புகை கோவிலுக்குள்ளேயும் வந்திருந்தது. பின்வரிசைப் பெண்கள் எல்லாம் வெள்ளைக்குள் இருந்தார்கள். உன் சலவைக்கூடத்தில் நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

"கர்த்தரை நம்புறதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். ஆனா ஏப்ரல்லேர்ந்து எனக்கு ஜெபம் வரலை. இந்தச் சபைல ஒரு பொண்ணுக்கு நான் வாக்குக் குடுத்தேன். அது நான் குடுக்கிற வாக்கு இல்லை. உங்களுக்குச் சொல்ல இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. எனக்காக யாராவது ஜெபம் பண்ணுவீங்களா?" என்றேன்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கதவருகே நின்ற அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது கதை, இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் வரிசையில், தன் மகள் உட்காரும் இடத்திலிருந்து, பொத்தான் கடை அம்மா எழுந்தார். இடுப்பில் குழந்தை. மெதுவாக நடந்து வந்து, மேடைக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் தலைமேல் வைத்தார்.

"எனக்கும் வரலைம்மா" என்றார். "அன்னைக்குக் கல்லறை வாசல்ல நான் உங்களைக் கேக்கலை. மேல இருக்கிறவரைத்தான் கேட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க, அதான். ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்."

பிறகு, "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. "ஆண்டவரே" என்றேன். எனக்கும் வரவில்லை. அப்படியே இருந்தோம். அந்தப் புகைக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக உருவாகி வந்து, கிடைத்த இடத்தில் கையை வைத்தார்கள். என் தலையில், அந்த அம்மாவின் தோளில், குழந்தையின் முதுகில். கனவா என்றுகூட நினைத்தேன். குழந்தை என் முடியைப் பிடித்து இழுத்தது. அந்த வலியில் கனவில்லை என்று தெரிந்தது.

இப்போது ஜெபம் வருகிறதா என்று கேட்பாய். ஆண்டவரே என்பதுவரை வந்திருக்கிறேன். காலையில் நீலத்தில் உட்கார்ந்து அதைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல இருக்கிறது. எனக்கு அது போதும். மீதியை நீயும் நெட்டையும் கொஞ்ச நாளைக்குச் சொல்லுங்கள்.

சாயங்காலம் கடையில் கூட்டம் இருக்கும் நேரம் குழந்தை என்னிடம்தான் இருக்கிறது. இப்போதுதான் தவழப் பார்க்கிறது. நாளைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. அவளிடம் நான் சொன்னதில் என்னால் ஆனது அது ஒன்றுதான். குட்டிச் சட்டை இனி போதாது. அடுத்த அளவில் தைத்து அனுப்பு.

இதோடு ஒரு கை வைத்திருக்கிறேன். பெரியவள் கையும் இல்லை, சின்னவள் கையும் இல்லை. சட்டத்தைத்தான் நீ ஏற்கெனவே கெடுத்துவிட்டாயே, தைரியமாகத் தலையில் வைத்துக்கொள். கோடு கோணலாகப் போனதற்கு என்னைக் குறை சொல்லாதே. வரையும்போது பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்கா